நாய் வீட்டுப் பொருட்களைக் குதறுகிறதா? கடித்த இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஒரு ஜோடி செருப்பு போனால் போகட்டும் என்று விட்டுவிடுகிறவர்கள்கூட, சோபாவின் வயிறு கிழிந்து பஞ்சு கூடமெங்கும் பறக்கும் நாளில் பொறுமை இழந்துவிடுகிறார்கள். உடனே ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். எதைத் தெளித்தால் கடிக்காது? எந்தப் பொம்மையை வாங்கிப் போட்டால் நிற்கும்? காய்ச்சல் பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி என்பதுபோல, கடித்துக் குதறுவதும் பல காரணங்களுக்குப் பொதுவான அறிகுறி. பல் முளைக்கும் குட்டிக்கான வைத்தியத்தைத் தனிமைக்கு அஞ்சும் நாய்க்குச் செய்தால் மாதக்கணக்கில் வீணாகும். எனக்கு வீணானது. அந்தக் கதை கீழே வருகிறது.

ஆகவே பஞ்சைக் கூட்டி அள்ளுவதற்கு முன் மூன்றைக் கவனியுங்கள். எதைக் கடித்தது? நீங்கள் வீட்டில் இருக்கும்போதா, வெளியே போன பிறகா? கடித்ததைத் துப்பியதா, விழுங்கியதா? துண்டுகளைத் தரையில் பரப்பிப் பொருத்திப் பாருங்கள். கிழிந்த காலுறையில் குதிகால் இருக்கிறது, விரல் பகுதி மட்டும் காணவில்லை என்றால், அது வயிற்றுக்குள் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: எதையோ விழுங்கியிருக்கிறது

இப்படியென்றால் மீதியை அப்புறம் படிக்கலாம். சட்டைப் பொத்தான் அளவுள்ள பேட்டரி, காந்தத் துண்டுகள், மாத்திரை அட்டை, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஆகியவற்றில் எது காணாமல் போயிருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். பொத்தான் பேட்டரி உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை அரை மணி நேரத்திலேயே அபாயகரமாக இறக்கிவிடக்கூடும். உப்புக் கரைசலை வாயில் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழைய கைவைத்தியம் வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

நூலோ கயிறோ வாயிலோ ஆசனவாயிலோ தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே ஒரு முனை எங்காவது சிக்கியிருந்தால், வெளியே இழுக்கிற இழுப்பில் குடல் அறுபடும். துணியையும் பிளாஸ்டிக்கையும் விழுங்கிய நாய் உடனே எதையும் காட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். அடுத்த ஓரிரு நாளில் திரும்பத் திரும்ப வாந்தி, உணவு மறுப்பு, வயிற்றைத் தொட்டால் விறைப்பது, மலம் வராதது என்று தொடங்கினால் அது குடலடைப்பின் சாயல். மருத்துவமனைக்குப் போகும்போது கடித்த பொருளின் மிச்சத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். துணி எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது.

அறிகுறி: மூன்று முதல் ஏழு மாதக் குட்டி, கண்ணில் பட்டதையெல்லாம் கொறிக்கிறது

இதுதான் மிக எளிய வகை. குட்டிக்கு 28 பால் பற்கள். நான்காம் மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப் பற்கள் வந்துவிடும். இடைப்பட்ட காலத்தில் ஈறு தினவெடுக்கும். பொம்மையில் சிறு இரத்தப் பொட்டு தெரிந்தாலோ, தரையைத் துடைக்கும்போது அரிசி போல ஒரு பல் கிடைத்தாலோ பதற வேண்டாம். பெரும்பாலான பால் பற்களைக் குட்டிகள் விழுங்கிவிடுவதால் உங்கள் கையில் கிடைப்பது அபூர்வம். ஏழு மாதத்துக்குப் பிறகும் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, உறைய வைத்துக் கொடுத்துப் பாருங்கள். குளிர்ச்சி ஈற்றுக்கு இதமாக இருக்கும். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்; இழை பிரியத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். தவறான பொருளை வாயில் வைத்திருந்தால் கூச்சல் போடாமல், கடிக்கத் தகுந்ததை மூக்குக்கு முன்னால் நீட்டி, அதைக் கவ்வியதும் பாராட்டுங்கள். ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்ய வேண்டியிருக்கும். அலுப்பான வேலைதான்.

எல்லாரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு: தரையில் கையையும் முழங்காலையும் ஊன்றி, குட்டியின் உயரத்தில் வீட்டைச் சுற்றி வருவது. நின்றபடி பார்க்கும்போது கண்ணுக்கே தெரியாத சார்ஜர் முனை அங்கே மூக்குக்கு நேரே ஊசலாடிக்கொண்டிருக்கும். சோபாவுக்கு அடியில் இருக்கும் மெல்லிய துணி ஒரு மூலையில் பிரிந்து நிற்கும். திரைச்சீலையின் ஓரம் தரையைத் தடவிக்கொண்டிருக்கும். முழங்கால் உயரம் வரை உள்ள உலகம் குட்டியுடையது என்று ஏற்றுக்கொண்டு ஒதுங்க வைத்தால் பாதிச் சேதம் அன்றே நின்றுவிடும்.

இன்னொரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை. தினமும் மாலையில் ஏறக்குறைய அதே நேரத்தில் குட்டிக்கு வெறி பிடித்ததுபோல ஆகி, கை, கால், மேசைக்கால் என்று பாய்ந்து பாய்ந்து கடிக்கிறதா? அதற்கு விளையாட்டுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஓடவிடுவார்கள். பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. சின்னக் குட்டிகள் நாளில் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். இருட்டான, அமைதியான மூலையில் படுக்க வைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும்.

அறிகுறி: பல் முளைத்து முடிந்தும் நிற்கவில்லை, சேதம் வீடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை இரண்டாவது அலை ஒன்று வரும். தாடை வலுத்திருக்கும், பொழுது போகாது. இன்று ரிமோட், நாளை தலையணை, மறுநாள் நாற்காலிக் கால் என்று எந்த ஒழுங்கும் இருக்காது. நாய் பதற்றமாகத் தெரியாது. பஞ்சுக்கு நடுவே நிம்மதியாகப் படுத்திருக்கும். அடையாளம் அதுதான்.

இதற்கு எல்லாரும் சொல்லும் தீர்வு, ஓடவிட்டுக் களைக்க வைப்பது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. தினமும் ஓடும் நாய் களைப்பதில்லை, வலுவடைகிறது. இரண்டு மாதம் கழித்து அதைக் களைக்க வைக்க இரட்டிப்புத் தூரம் ஓட வேண்டியிருக்கும், உங்களுக்குத்தான் மூட்டு வலிக்கும். மூக்குக்கு வேலை கொடுப்பது நல்லது. நடைக்கு அழைத்துச் சென்றால் இழுத்துக்கொண்டு விரையாமல், அது மோந்து பார்க்கிற இடத்திலெல்லாம் நில்லுங்கள். உணவைத் தட்டில் கொட்டாமல் ஒரு பங்கைப் புல்லில் தூவுங்கள்; ஒரு பங்கைத் துண்டில் சுருட்டி வையுங்கள்; ஒரு பங்கை நடுவில் துளையுள்ள ரப்பர் பொம்மைக்குள் அடைத்து உறைய வையுங்கள். ஒரு நிமிடத்தில் தின்று தீர்ப்பதை முப்பது நிமிடம் தேடித் தின்னும்.

கிழிப்பதற்கு அனுமதி பெற்ற பொருள் ஒன்றும் வேண்டும். பசைநாடாவையும் ஊக்குகளையும் அகற்றிய வெற்று அட்டைப்பெட்டி போதும். அட்டைத் துண்டுகளைப் பெருக்குவது சோபா தைப்பதைவிட எளிது. அட்டையையே விழுங்குகிற நாய்க்கு மட்டும் இந்த யோசனை ஆகாது.

அறிகுறி: நீங்கள் வெளியே போனால் மட்டும், கதவு, நிலைச்சட்டம், சன்னலோரம்

இங்கேதான் நான் ஏமாந்தேன். மிளகு என்று பெயர், கறுப்புப் பெண் நாய், மூன்று வயது. ஒரு நாள் வீடு திரும்பியபோது வாசல் நிலைச்சட்டத்தின் கீழ்ப்பகுதி, தாழ்ப்பாளுக்கு நேர் கீழே இரண்டு சாண் உயரத்துக்கு, பென்சில் சீவியதுபோலச் சுருள் சுருளாக உரிந்து கிடந்தது. தரை ஈரமாக இருந்தது. தண்ணீர் கொட்டிவிட்டது என்று நினைத்துத் துடைத்தேன். எச்சில். ஒரு கிண்ணம் நிறையும் அளவுக்கு எச்சில்.

பொழுது போகாமல் செய்கிறாள் என்று முடிவு கட்டினேன். நடை நேரத்தைக் கூட்டினேன், ஐந்து பொம்மைகள் வாங்கினேன், துளைப் பொம்மையில் அவளுக்கு மிகப் பிடித்ததை அடைத்து வைத்துவிட்டுப் போனேன். நிலைச்சட்டம் இன்னும் ஒரு சாண் உரிந்தது. அப்போதும் கண்ணில் படாத தடயம் ஒன்று கண்ணெதிரிலேயே கிடந்தது: அடைத்து வைத்த தீனி தொடப்படாமல் அப்படியே இருக்கும், நான் உள்ளே கால் வைத்த பிறகுதான் அவள் ஓடிப்போய் அதைத் தின்பாள். பயத்தில் இருக்கும் நாய்க்குப் பசி எடுக்காது. அரை வருடம் கழித்து, அலமாரியில் ஒரு பழைய கைப்பேசியைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தேன். நான் கதவைச் சாத்தியதும் அவள் அசையாமல் நின்று காலடி ஓசை தேய்வதைக் கேட்கிறாள். நான்காவது நிமிடம் நாக்கு வெளியே தொங்க மூச்சிரைப்பு. பிறகு கதவுக்கும் சன்னலுக்குமாக அலைச்சல். பதினோராவது நிமிடம் நிலைச்சட்டத்தில் பல் பதிகிறது. அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை.

பிரிவுப் பதற்றம் என்பது இதுதான். சேதம் வெளியேறும் வழிகளில் குவியும். நீங்கள் போன முதல் அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தொடங்கும். எச்சில் வழியும், ஊளை கேட்டதாகப் பக்கத்து வீட்டார் சொல்வார்கள், வெளியே போய்ப் பழகிய நாய் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்திருக்கும். நீங்கள் சாவியை எடுத்த நொடியிலேயே பின்னாலேயே சுற்றத் தொடங்கியிருக்கும். பொழுதுபோகாத நாயா, பதறும் நாயா என்ற சந்தேகம் வந்தால் படம் பிடித்துப் பாருங்கள். ஊகத்தை நம்பாதீர்கள்.

தீர்வு மெதுவானது. கேமராவில் பார்த்தபடி கதவுக்கு வெளியே ஐந்து நொடி நின்றுவிட்டு, பயம் தொடங்குவதற்கு முன்பே உள்ளே வர வேண்டும். பிறகு பத்து நொடி, அரை நிமிடம் என்று நீட்ட வேண்டும். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டுப் போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். சாவி என்றால் பிரிவு என்ற கணக்கு குழம்பட்டும். பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை அதன் தாங்குசக்திக்கு மேல் தனியே விடாமல் இருப்பதுதான் கடினமான பகுதி. உறவினர், நண்பர், பக்கத்து வீட்டார் என்று யாரையாவது ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். ஒரு நாள் முழுப் பயத்தில் விட்டால் இரண்டு வாரப் பயிற்சி கரைந்துவிடும்.

கூண்டுக்குள் அடைத்துவிட்டுப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். பதறும் நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், நகம் பெயரும். துணைக்கு இன்னொரு நாய் என்பதும் பெரும்பாலும் பலிக்காது. அது ஏங்குவது உங்களுக்காக. பயிற்சி மட்டும் போதாதபோது மருத்துவர்கள் பதற்றம் தணிக்கும் மருந்துகளான க்ளோமிப்ரமின் அல்லது ஃப்ளூஆக்ஸெட்டின் கொடுப்பதுண்டு. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனிதர்கள் சாப்பிடும் மாத்திரை ஆயிற்றே என்று தயங்கவும் வேண்டாம், வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

இடி இடிக்கும்போது நீங்கள் வீட்டில் இருந்தாலும் கதவைப் பிராண்டினால் அது ஓசைப் பயம். பிரிவுப் பதற்றம் ஆகாது. சன்னலோரத்தில் மட்டும், தெருவில் ஆளோ நாயோ போகும்போது மட்டும் கடித்தால், கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைத்தாலே அடங்கும்.

“தப்பு செய்தது அதற்கே தெரிகிறது” என்ற பேச்சு

காதை மடித்து, கண்ணை வேறு பக்கம் திருப்பி நிற்பதைப் பார்த்து இப்படிச் சொல்லாத நாய் வளர்ப்பவர் இல்லை. 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டு வெளியேறுவார். திரும்பி வரும்போது, நாய் தின்றதா இல்லையா என்பது அவருக்குச் சில சமயம் மாற்றிச் சொல்லப்படும். அந்தக் குற்றவாளி முகம், நாய் உண்மையில் தின்றதா என்பதோடு ஒட்டவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதோடுதான் ஒட்டியது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நீங்கள் பார்ப்பது உங்கள் குரலுக்கு அஞ்சும் முகம். இரண்டு மணி நேரத்துக்கு முன் கடித்த நிலைச்சட்டத்துக்கு இப்போது அடி விழுந்தால், அது கற்றுக்கொள்வது நீங்கள் வீட்டுக்குத் திரும்பும் நேரம் ஆபத்தானது என்பதை மட்டும்தான். பிரிவுப் பதற்றம் உள்ள நாய்க்கு இனி போவதும் பயம், வருவதும் பயம்.

அறிகுறி: உங்களைப் பார்த்துக்கொண்டே எடுத்து ஓடுகிறது

ரிமோட்டைக் கவ்விக்கொண்டு கடிக்காமல் நின்று, நீங்கள் எழுவதற்காகக் காத்திருக்கிறதா? எழுந்ததும் மேசையைச் சுற்றி ஓட்டமா? விளையாட்டை நீங்கள்தான் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். துரத்தாதீர்கள். அபாயமில்லாத பொருள் என்றால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். முதல் சில நாள் இன்னும் அதிகமாகத்தான் செய்யும். பழைய தந்திரம் பலிக்காதபோது நாயும் குரலை உயர்த்திப் பார்க்கும். அந்த வாரத்தில் மனம் இளகித் துரத்திவிட்டால், அடம் பிடித்தால் பலன் உண்டு என்று ஆகிவிடும்.

மற்ற நேரத்தில் பண்டமாற்றுப் பழக்குங்கள். மதிப்பில்லாத பொம்மையைக் கவ்வியிருக்கும்போது தின்பண்டத்தைக் காட்டி, வாய் திறந்ததும் “விடு” என்று சொல்லி, தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டுப் பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். கொடுத்தால் நட்டமில்லை என்பது பதிய வேண்டும். வாயைப் பிளந்து பிடுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு கெடுதல்: பொருளைக் காத்து உறுமத் தொடங்கும், அல்லது நீங்கள் வருவதற்குள் அவசரமாக விழுங்கிவிடும். ஏற்கெனவே உறுமுகிறதென்றால் தனியே முயலாமல் நடத்தைப் பயிற்சி தெரிந்தவரை அழைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: செருப்பும் காலுறையும் மட்டும்

உங்கள் வியர்வை வாசனை அதில்தான் அதிகம். மூடிய அலமாரியில் வையுங்கள், வேறு வித்தை இல்லை. பழைய செருப்பை விளையாடக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள். பழையது எது, நேற்று வாங்கியது எது என்று அதற்குத் தெரியாது.

அறிகுறி: உணவு வாசனை உள்ளவை மட்டும்

குப்பைக்கூடை, கைப்பை, பணப்பை. பசியும் திருட்டும் கலந்த வகை இது. உங்களிடம் இருப்பது லாப்ரடார் என்றால் அதை முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2016-இல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆய்வில், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாரிடம் பசியைக் கட்டுப்படுத்தும் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு பகுதி இல்லாதது தெரியவந்தது. அதனிடம் ஒழுக்கம் பேசுவதைவிடக் கூடைக்குப் பூட்டு மூடி போடலாம்.

அறிகுறி: மின்கம்பி

கண்முன்னே கடித்துத் துடித்தால், நாயைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள். உதட்டோரத்தில் சிறு தீக்காயம் மட்டும் தெரிந்து, நாய் எழுந்து நடமாடினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். தடுப்பது எளிது: கம்பிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்தி, சோபாவுக்குப் பின்னால் ஏற்றிக் கட்டுங்கள்.

அறிகுறி: சுவர்க் காரை, மண், கல், துணி என்று தின்றே விடுகிறது

கடித்துப் போடுவதும் தேடித் தின்பதும் வேறு வேறு. தேடித் தின்றால் முதலில் இரத்தமும் மலமும் சோதிக்க வேண்டும். இரத்தசோகை, குடற்புழு, செரிமானக் கோளாறு, கணையக் குறைபாடு, ஸ்டீராய்டு மருந்தின் விளைவு என எதுவும் பின்னணியில் இருக்கலாம். தரையையும் சுவரையும் ஓயாமல் நக்கினால் குமட்டலையும் சந்தேகியுங்கள். பழைய வீட்டின் பெயின்ட் உதிர்ந்த சுவர் என்றால் ஈய நஞ்சையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

போர்வையின் ஒரு மூலையை வாயில் வைத்து, தின்னாமல் மணிக்கணக்கில் உறிஞ்சுவது தனி வகை. டோபர்மேன்களிடம் இது அதிகம். 2010-இல் இதற்குத் தொடர்புள்ள மரபணுப் பகுதியையே கண்டுபிடித்தார்கள். துணி முழுசாக இருந்து, கூப்பிட்டால் விட்டுவிட்டு வருகிறதென்றால் நான் அதைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அறிகுறி: ஏழெட்டு வயது வரை ஒழுங்காக இருந்தது, இப்போது திடீரென

பயிற்சியாளரைத் தேடாதீர்கள், வாயைத் திறந்து பாருங்கள். வெடித்த பல், சீழ் வைத்த ஈறு, ஒரு பக்கமாகவே மெல்லுவது, துர்நாற்றம். வாய் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் முதுமை மறதி: இரவில் அலைவது, மூலையில் போய் நிற்பது, தெரிந்த கதவில் தவறான பக்கம் காத்திருப்பது ஆகியவையும் சேர்ந்து வந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

அறிகுறி: கசப்பு மருந்து தெளித்தும் கடிக்கிறது, பொம்மை கொடுத்தும் கடிக்கிறது

இந்தத் தெளிப்பான்களில் பெரும்பாலும் இருப்பது டினாட்டோனியம் பென்சோயேட், உலகிலேயே மிகக் கசப்பானது என்று பெயர் பெற்ற பொருள். ஆனாலும் சில நாய்கள் அதைச் சட்டை செய்வதில்லை, மற்றவை காய்ந்ததும் திரும்பி வரும். மேசைக்காலைக் காப்பாற்றும், காரணத்தைத் தொடாது. மேசைக்கால் கசந்தால் நாற்காலிக்குப் போகும், அவ்வளவுதான். மிளகாய்த் தூள் தடவுவது வேண்டாம், கண்ணில் பட்டால் கொடுமை. தேயிலை மர எண்ணெய் நாய்க்கு நஞ்சு.

பொம்மை பிடிக்காததற்கு, பத்தும் எந்நேரமும் தரையில் கிடப்பதே முக்கால்வாசிக் காரணம். மூன்றை மட்டும் வெளியே விட்டு, மற்றவற்றை ஒளித்து வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள்; பழைய பொம்மை புதிதாகிவிடும். சோபாவைக் கடிக்கிற நாய்க்கு மெத்தென்றதும், மரத்தைக் கடிக்கிற நாய்க்குக் கெட்டியானதும் பிடிக்கும். கெட்டி என்பதற்கும் எல்லை உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமும் பதியவில்லை என்றால், மான்கொம்பு, குளம்பு, பெரிய எலும்பு எதுவானாலும், மேல் தாடையில் இருபுறமும் உள்ள பெரிய கடைவாய்ப்பல் பிளந்துபோகும் அபாயம் உண்டு. மிளகின் இடப்பக்கக் கடைவாய்ப்பல் அப்படித்தான் போனது. மான்கொம்பு வாங்கிக் கொடுத்தது நான்.